எட்டு செட் கரைவேட்டியோடு போன விடுமுறை

என்னிடம் யாராவது கேள்வி கேட்டால் நான் தலையாட்டிவிடுவேன். கேள்வி என்ன என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. கேட்டவர் திருப்தியாகி நகர்ந்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். இப்படித் தலையாட்டித்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று (பாக்கியம் இதைப் படிக்க மாட்டாள், அவளுக்கு மலையாளம்தான் வாசிக்க வரும்). இப்படித் தலையாட்டித்தான் ஒரு கோடை விடுமுறையில், இரண்டே நாளில் மூன்று கட்சிகளில் சேர்ந்தேன்.

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். முதலில் விற்பனைக்குத்தான் நிறுத்தினார்கள். "இது சாயம் போகுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். தலையாட்டினேன். "அளவு சின்னதாயிடுமா?" தலையாட்டினேன். ஒரே வாரத்தில் முதலாளி என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டார். "உள்ளே போய் பொம்மைக்கு உடுத்து. நீயும் பேச மாட்டே, அதுகளும் பேசாது" என்றார்.

அன்று முதல் எனக்கு நல்ல காலம். கடையில் மொத்தம் எட்டுப் பொம்மைகள், அதில் ஒன்றுக்குத் தலை கிடையாது. காலையில் வரும் கூட்டத்துக்கு ஒரு உடை, சாயங்காலம் நாலு மணிக்கு வரும் கூட்டத்துக்கு வேறு உடை. எந்தச் சட்டைக்கு எந்தக் கரை, எந்தத் தோளுக்கு எந்தத் துணி என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரியும். நாளடைவில் பொம்மைக்கு உடுத்துவதை எனக்கும் உடுத்திக்கொள்ள ஆரம்பித்தேன். வாயைத் திறக்காமலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால், கூச்சக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? என் மகள் ரேஷ்மா சொல்வாள்: "கடை அடைச்ச பின்னாடியும் அப்பா தொறந்துதான் இருக்காரு."

என் பலவீனம் கரைவேட்டி செட். வேட்டியின் கரை என்ன நிறமோ, அதே நிறத்தில் சட்டை. ஓணத்துக்குக் கேரளம் முழுக்க ஆண்கள் ஒரு நாள் உடுத்துவதை நான் வருஷம் முழுக்க உடுத்துவேன்.

அந்தக் கோடையில் பள்ளி விடுமுறை விட்டதும் பாக்கியம் சொன்னாள்: "அக்கா வீட்டுக்குப் போலாம். வார்டுல இடைத்தேர்தல். அக்கா சுயேச்சையா நிக்கறா. நமக்கும் லீவு, அவளுக்கும் ஒரு ஒத்தாசை."

நான் தலையாட்டினேன். என் காதில் விழுந்தது "லீவு" மட்டும்தான்.

பாக்கியத்தின் அக்கா சரோஜா வாழ்க்கைப்பட்டது கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். வயல், பனைமரம், தூரத்தில் மலை. அந்தப் பச்சைக்கும் மண் நிறத்துக்கும் எந்தெந்தச் சட்டை எடுக்கும் என்று ஒரு வாரம் யோசித்தேன். எட்டு செட்களைத் தேய்த்து, நடுவில் காகிதம் வைத்து மடித்து, தனிப் பெட்டியில் அடுக்கினேன். ரயிலில் வேட்டி கசங்கிவிடும் என்று ஏறியதிலிருந்து பாலக்காடு வரை நின்றுகொண்டே போனேன். எனக்கான இடத்தில் பெட்டி உட்கார்ந்து வந்தது. எதிரில் இருந்தவர் பாக்கியத்திடம், "அவருக்கு மூலமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ஊரில் இறங்கியதும் எனக்கு ஒரே குழப்பம். தெருவில் ஒரு நிறம் இல்லை. ஆண்கள் எல்லாரும் சாம்பல், சந்தனம், வெளுத்துப்போன பழுப்பு. வேட்டி என்றால் கரையே தெரியாத வேட்டி. பெண்கள்கூட ஏதோ மழையில் நனைந்து சாயம் போனது போன்ற சேலைகளில் நடந்துகொண்டிருந்தார்கள். பாவம், ரசனை தெரியாத ஊர் என்று நினைத்தேன். (இதை எழுதும்போது என் காது இப்போதும் சூடாகிறது.) பத்து நாளில் நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று முடிவெடுத்தேன்.

சரோஜா அக்கா ஏன் தேர்தலில் நிற்கிறார் என்பதை அன்று மதியம் அவர் வாயாலேயே கேட்டேன். ஊரின் மேட்டுத்தெருவில் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. பெண்கள் குடத்தோடு கீழே இறங்கிவந்து, ஏறிப் போக வேண்டும். வருஷக்கணக்கில் சிவப்புக் கட்சி, பச்சைக் கட்சிதான் தடுக்கிறது என்றது. பச்சைக் கட்சி, சிவப்புக் கட்சிதான் தடுக்கிறது என்றது. (கட்சிகளின் பெயரை எழுதவில்லை. எல்லாரும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள்.) "எனக்கு ரெண்டு பேரும் வேண்டாம், தண்ணி வேணும்" என்று சொல்லி அக்கா நின்றுவிட்டார். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதாக இருந்ததால் வழி கிடைத்தது. அவருடைய ஒரே பலம், அவர் எந்தப் பக்கமும் இல்லாதவர் என்பதுதான். வெறும் வெள்ளைச் சேலையில், வீடு வீடாக நடந்துகொண்டிருந்தார்.

"நல்லபடியா முடியணும் மாப்பிள்ளே" என்றார் என்னிடம். நான் மனப்பூர்வமாகத் தலையாட்டினேன். வெள்ளைச் சேலைக்கு ஒரு மெல்லிய கரையாவது இருந்திருக்கலாம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சிவப்பு செட் உடுத்தினேன். ரத்தச் சிவப்பு இல்லை, பழுத்த மிளகாய் நிறம். அந்தக் காலை வெயிலில், வயல் வரப்பில், நானே என்னைப் பார்த்து நின்றேன். பிறகு முக்கில் இருந்த மணியேட்டனின் சாயாக்கடைக்குப் போனேன். உள்ளே இருந்த நாலு பேர் எழுந்து நின்றார்கள். எனக்காகத்தான் என்று புரியவே நேரம் ஆயிற்று. மட்டாஞ்சேரியில் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எழுந்து நின்றதில்லை.

"வா சேட்டா, இரிக்கு" என்று மணியேட்டன் பெஞ்சைத் துடைத்தார். சாயா வந்தது. கேட்காமலே பழம்பொரியும் வந்தது. பிறகு அவர் என் பக்கம் குனிந்து, "சரோஜாக்கா வெளியிலதான் சுயேச்சை. உள்ளுக்குள்ள நம்ம ஆளுதானே?" என்றார்.

நாலு பேர் முகத்தைப் பார்க்கிறார்கள். பழம்பொரி வாயில் இருக்கிறது. நான் வேறென்ன செய்வேன்? தலையாட்டினேன். மணியேட்டன் என் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். உடுத்தத் தெரிந்தவனை மதிக்கத் தெரிந்த ஊர்தான் என்று என் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் நாலு மணி அடித்ததும் என் கை தானாகப் பெட்டியைத் திறந்தது. பச்சை செட். வாய்க்கால் கரையில் நடந்தேன். அரிசி மில் வைத்திருக்கும் வாசு என்பவர் பைக்கில் என்னைக் கடந்து போனார், நின்றார், திரும்பி வந்தார்.

"காலையில முக்குல சிவப்பு. இப்ப பச்சை. எல்லாம் புரிஞ்சிருச்சு சேட்டா" என்று கண் சிமிட்டினார். "காலையில அவங்களுக்காக ஒரு நடிப்பு. இதுதான் நெசம், இல்லீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்கிறாரே, பிறகென்ன என்று தலையாட்டினேன். அவரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் பெட்டியைத் திறக்கும் முன்பே சகலை சிவராமன் (சரோஜா அக்காவின் கணவர்) அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளை வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை. ராத்திரி தூங்காத முகம். வீட்டு மாப்பிள்ளையிடம் "இதை உடுத்தாதே" என்று நேராகச் சொல்ல அவரால் முடியவில்லை.

"இங்க வெயில் ஜாஸ்தி" என்றார். "வெள்ளைன்னா சூடு ஏறாது."

நான் தலையாட்டினேன்.

"உங்க துணியெல்லாம் நல்ல துணி. புழுதி பட்டா வீணாப் போயிடும்."

தலையாட்டினேன்.

"பத்திரமா பெட்டியிலேயே இருக்கட்டுமே. ஒரு... ஒரு நாலு நாளைக்கு."

என் துணிமேல் இவ்வளவு அக்கறை காட்டிய மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. வெள்ளையையே உடுத்தினேன். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது கை சும்மா இருக்கவில்லை. வெறும் வெள்ளையில் ஒரு பொம்மையை நிறுத்தினால் முதலாளி விடுவாரா? எங்காவது ஒரு சின்ன நிறம் வேண்டும். பெட்டியில் ஆரஞ்சு நிறக் கைக்குட்டை இருந்தது. மூன்று முனை தெரிகிற மாதிரி மடித்துச் சட்டைப் பையில் செருகினேன். அளவாக, அழகாக இருந்தது. அப்படியே தபால் ஆபீஸ் வரை ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். வழியில் யாரோ ஒருவர் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மதியம் வீட்டு வாசலில் இரண்டு பேர் சாமந்தி மாலையோடு நின்றார்கள். அவர்கள் மூன்றாவது கட்சி. அந்த வார்டில் அவர்கள் ஆளையே நிறுத்தவில்லை. "நாங்க சொல்லாமலே எங்களை மனசுல வெச்சிருக்கீங்க, அதான் ஒரு மரியாதை" என்று என் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மாலையோடு நான் திண்டாடி நின்ற நேரத்தில்தான் சரோஜா அக்கா பிரசாரம் முடிந்து உள்ளே வந்தார். முழங்கால் வரை புழுதி. செருப்பு ஒன்று அறுந்து கையில் இருந்தது. என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், ஆரஞ்சுக் கைக்குட்டையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேட்டுத்தெருவுல ஒருத்தி குடத்தைக் கீழ வெச்சிட்டுக் கேக்கறா, பாக்கியம். 'ஏன் சரோஜா, நீயும் போயிட்டியா'ன்னு. எந்தப் பக்கம் போனேன்னு கேட்டா, மூணு போட்டோ காட்டறா. மூணுலயும் இவரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளே, நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்? என்னைத் தோக்கடிக்கணும்னுதான் வந்தீங்களா?"

நான் தலையாட்டினேன்.

பாக்கியம் போட்ட சத்தத்தில் கொல்லையில் மேய்ந்த கோழிகள் மதில் ஏறின. "பாவி மனுஷா, அதுக்குமா ஆட்டுவே!"

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. சட்டைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? கைக்குட்டை யாரை என்ன செய்தது? கடைசியில் ரேஷ்மாதான் என்னைத் தனியாக அடுக்களைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, இவிடே கலர்னா பார்ட்டி. எலெக்‌ஷன் தீர்ற வரைக்கும் ஈ வார்டில ஆரும் கலர் உடுத்த மாட்டாங்க. அயல்வாசியோட வழக்கு, சண்டை வேண்டாம்னுட்டு. வந்த அன்னைக்கே எங்கிட்ட ஒரு சேச்சி சொன்னாங்க, சிவப்புச் சுரிதார் இடாதே மோளேன்னு. அப்பா கண்டில்லே, எல்லாரும் ஒரே சாம்பல்?"

கண்டேன். கண்டுதான் ரசனை இல்லை என்று நினைத்தேன். ஊரே ஒருவரை ஒருவர் புண்படுத்தாமல் இருக்கக் கரையைத் துறந்திருக்கிறது. அந்த நாகரிகத்தின் நடுவில் நான் ஒருவன், நாலு மணி அடித்தால் கட்சி மாறிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எந்த நிறத்துக்கு எந்த நிறம் சேரும் என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அந்த அடுக்களையில் நின்று புரிந்துகொண்டேன்.

பெட்டியைப் பூட்டிச் சாவியை அக்கா கையில் கொடுத்தேன். பிறகு என் வாழ்க்கையில் இல்லாத ஒரு தீர்மானம் எடுத்தேன். போய்ப் பேசுவது. உள்ளதைச் சொல்வது.

என் துணி எதுவும் ஆபத்து என்பதால், கொடியில் காய்ந்த சிவராமன் சகலையின் பழைய கைலியைக் கட்டிக்கொண்டேன். மேலே அவருடைய பனியன். பிரசாரத்தின் கடைசி நாள் அது. சாயாக்கடையில் மணியேட்டன் இருந்தார். நல்ல வேளையாக வாசுவும் எதிர்க்கடை வாசலில் நின்றிருந்தார். நடுத்தெருவில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"நான் எந்தக் கட்சியும் இல்லை" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அக்காவும் இல்லை. எனக்குக் கலர் பிடிக்கும். அதான் உடுத்தினேன்."

மணியேட்டன் வாசுவைப் பார்த்தார். வாசு மணியேட்டனைப் பார்த்தார். அநேகமாக அந்தத் தேர்தலில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்: ஐம்பது வயதை நெருங்கும் ஓர் ஆண், ஒரு காரணமும் இல்லாமல், ஆசைக்காக மட்டும், ஒரே நாளில் இரண்டு முறை உடை மாற்றுவான் என்பதை இருவரும் நம்பவில்லை.

"கலர் பிடிக்குமாம்" என்றார் மணியேட்டன்.

"அதான் உடுத்தினாராம்" என்றார் வாசு.

பிறகு மணியேட்டன் மெல்ல இறங்கிவந்து, என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து, கைலியைக் குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். சாம்பல் கட்டத்துக்குள் ஒரு கோடு சிவப்பு, ஒரு கோடு பச்சை.

"ரெண்டும் இருக்கு" என்றார் மணியேட்டன்.

"சமமா இருக்கு" என்றார் வாசு, அவரும் குனிந்து பார்த்துவிட்டு. அவர் குரலில் இருந்தது பயமா மரியாதையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "சேட்டா, நீங்க கொச்சியில யாரு? மேலிடத்து ஆளா?"

என் கழுத்து ஆட ஆரம்பித்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினேன். ஓடியதையும் அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்: ரகசியம் உடைந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகு இரண்டு கட்சியின் மைக்கிலும் சரோஜா அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக வரவில்லை. ஜெயித்தால் தங்கள் பக்கம் வந்துவிடுவார் என்று இரண்டு பேருமே கணக்குப் போட்டார்கள் போல. அக்காவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அறுந்த செருப்பை மூலையில் எறிந்துவிட்டு வெறுங்காலோடு மேட்டுத்தெரு முழுக்க மறுபடி ஏறினார். ஒவ்வொரு வீட்டிலும், "என் தங்கச்சி புருஷன் துணிக்கடைப் பொம்மைக்குச் சட்டை போடற ஆளு. அதே மாதிரி உடுத்தி அவருக்கும் பழகிப்போச்சு. அரசியலெல்லாம் தெரியாது" என்று சொன்னாராம். பெண்கள் மட்டும் உடனே நம்பினார்கள். துணி ஆசை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

வாக்குப்பதிவு முடிந்து, வாக்கு எண்ணும் முன்பே நாங்கள் மட்டாஞ்சேரி திரும்பிவிட்டோம். அங்கே இருந்து அக்கா தோற்பதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ரயிலில் உட்கார்ந்தே வந்தேன். வேட்டி எப்படிக் கசங்கினால் என்ன என்று இருந்தது.

மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மையின் கையைக் கழற்றிச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாக்கியம்தான். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "பதினாலு ஓட்டுல ஜெயிச்சுட்டா! அக்கா ஜெயிச்சுட்டா!" நான் பொம்மையின் கையைப் பிடித்து ஆட்டியதாகக் கடைப் பெண்கள் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

ஜெயித்தது என் சட்டையாலா, என் சட்டையையும் மீறியா என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்னும் முடிவு வரவில்லை. "அவ நடந்த நடைக்கு விழுந்த ஓட்டு. உங்க மிளகாய்ச் சட்டைக்கு ஒண்ணும் விழலை" என்பது பாக்கியத்தின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் அடுத்து நடந்தது அக்காவின் சாமர்த்தியம். ஊராட்சியில் இரண்டு பக்கமும் சம எண்ணிக்கை. சுயேச்சை அக்கா எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம்தான் பலம். மணியேட்டன் என் சிவப்புப் போட்டோவோடு வந்தார். வாசு என் பச்சைப் போட்டோவோடு வந்தார். "உங்க ஆளு அன்னைக்கே தலையாட்டினாரே" என்றார்கள் இருவரும். அக்கா நிதானமாக, "ஆட்டினாரு. நான் இல்லேங்கல. முதல்ல மேட்டுத்தெருவுக்குத் தண்ணி வரட்டும். அப்புறம் அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றாராம். அத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு கட்சியும் ஒரே மூச்சில் ஓடின. ஓணத்துக்கு முன்பே குழாய் வந்துவிட்டது. என்னை மட்டும் யாரும் கேட்கவே இல்லை. அக்கா அதற்குள் மழைக்கால ஓடைக்கு ஒரு பாலம் வேண்டும் என்று ஆரம்பித்திருந்தார்.

அந்தக் குழாய்க்குப் பஞ்சாயத்து ஏதோ ஒரு எண் கொடுத்திருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. "கொச்சிக்காரன் பைப்" என்றுதான் பெயர். எனக்கு அது பெருமையா அவமானமா என்று கேட்டால் இரண்டும்தான்.

சென்ற மாதம் கடையில் வேலையாக இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. எடுத்தேன். பின்னால் காலிக் குடங்கள் மோதுகிற சத்தம், பத்துப் பெண்கள் பேசுகிற சத்தம்.

"கொச்சிக்காரரா? நாங்க மேட்டுத்தெருவுல இருந்து பேசறோம்" என்றது ஒரு குரல். "ரெண்டு நாளா பைப்புல தண்ணி வரலீங்க. ஒருக்கா வந்து, சட்டையை மாத்திட்டுப் போங்க."